பாதி வசனமும் மீதிச் சிரிப்பும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் மாலைநேரப் பேருந்து. கண்டக்டரிடம் ஒரு பெரியவர் மீதிச் சில்லறை கேட்கிறார்: "ரெண்டு ரூபா வரணுமேப்பா, ஒண்ணுதான் குடுத்திருக்க. இன்னொண்ணு எங்க?" கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் பின்னிருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பையன்களிடமிருந்து ஒரு குரல் எழுகிறது. மெல்லிய குரல், பணிவான குரல், பால்மணம் மாறாத குரல்: "அதாண்ணே இது." பேருந்து முழுவதும் சிரிக்கிறது. பெரியவரும் சிரிக்கிறார், கண்டக்டரும் சிரித்துக்கொண்டே பையைத் துழாவுகிறார். எந்தப் படம், யார் சொன்னது, எதற்காகச் சொன்னது என்று யாரும் யாருக்கும் விளக்கவில்லை. விளக்கம் தேவைப்படாத அந்த ஒரு நொடியின் அழகைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நகைச்சுவைக் காட்சியை நம் மக்கள் முழுதாகச் சொல்வதே இல்லை. பாதியைச் சொல்லி நிறுத்துவார்கள். மீதி பாதியை எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார். மூன்றாமவர் இருந்தால் அந்தக் காட்சியின் பின்னணி இசையை வாயாலேயே வாசித்து விடுவார். இப்படிப் பாதியில் விடுவதில் ஒரு நாகரிகம் இருக்கிறது. "உனக்கும் இது தெரியும், உனக்கும் இது பிடிக்கும்" என்று எதிராளியை மதிக்கும் நாகரிகம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே 40 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம்தான். ஆனால் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று பாசஞ்சர் ரயில் நின்று நின்று போகும் அந்தத் தூரத்துக்குள் கவுண்டமணி எத்தனை முறை பிறக்கிறார், வடிவேலு எத்தனை முறை அடி வாங்குகிறார்! மல்லாட்டை உரித்தபடி பேசும் நண்பர்கள் நடுவே காது கொடுத்து உட்கார்ந்தால் போதும்.

இந்த ரசனை தொலைக்காட்சியால் கனிந்தது. திரையரங்கில் ஒரு காட்சியை ஒருமுறை பார்ப்போம், சிரிப்போம், வெளியே வந்துவிடுவோம். அரங்கத்தின் சிரிப்பு அலையில் அடுத்த வசனம் அடித்துக்கொண்டு போய்விடும். தொலைக்காட்சி அந்த வசனத்தை மீட்டுக் கொடுத்தது. 1975-ல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. 1993-ல் சன் டிவி வந்தது. 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 14 அங்குலப் பெட்டி கூரை வீடுகளுக்குள்ளும் வந்தது. 2009-ஐ ஒட்டி ஆதித்யா, சிரிப்பொலி என்று சிரிப்புக்கென்றே தனி அலைவரிசைகள் வந்தன. இட்லிக் கடையில், சலூனில், செல்போன் பழுதுபார்க்கும் கடையில், விருந்தினர் வந்த வீட்டில், ஒலியைக் குறைத்து வைத்தாலும் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரே காட்சியைப் பத்து முறை, இருபது முறை பார்த்தபோது சிரிப்பு அடங்கி, கண் விழித்துக்கொண்டது. யார் எங்கே மூச்சு விடுகிறார், யாருடைய கை எங்கே போகிறது, பேசாமல் நிற்பவர் என்ன செய்கிறார் என்று எல்லாம் தெரியத் தொடங்கின. சாதாரண மனிதர்களை நுணுக்கம் அறிந்த ரசிகர்களாக ஆக்கியது அந்தத் திரும்பத் திரும்ப வரும் ஒளிபரப்புதான் என்பது என் உறுதியான எண்ணம்.

வாழைப்பழத்தையே எடுத்துக்கொள்வோம். கங்கை அமரன் இயக்கி 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் அந்தக் காட்சி தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம் வாங்கி வரச் சொல்கிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வந்து நிற்கிறார் செந்தில். அவ்வளவே கதை. ஆனால் அதை மீண்டும் ஒருமுறை, இம்முறை சிரிக்காமல் பாருங்கள். கவுண்டமணி கோபத்தில் தொடங்குவதில்லை. கணக்குக் கேட்கும் ஆசிரியரின் பொறுமையோடு தொடங்குகிறார். எவ்வளவு கொடுத்தேன், எத்தனை வாங்கச் சொன்னேன் என்று ஒவ்வொரு படியாக, ஒவ்வொரு படியிலும் செந்திலின் ஒப்புதலை வாங்கிக்கொண்டு, நிதானமாக ஏறுகிறார். அந்த நிதானம் எவ்வளவு அழகானது! உண்மை தன் பக்கம் இருக்கிறது, கணக்கு தன் பக்கம் இருக்கிறது, கடைசிப் படியில் இவன் சிக்கியே தீர வேண்டும் என்ற நம்பிக்கையில் எழும் நிதானம் அது. கடைசிப் படியில் கேள்வி விழுகிறது: இன்னொன்று எங்கே? பதில் வருகிறது: அதாண்ணே இது. உலகத்துக் கணக்கெல்லாம் அங்கே இடிந்து விழுகிறது.

அந்தப் பதிலைச் செந்தில் சொல்லும் விதத்தில்தான் என் மனம் மறுபடி மறுபடி போய் நிற்கிறது. முதல் முறை சொல்லும்போது இருந்த அதே சுருதி, அதே வேகம், அதே கண் விரிப்பு, அடுத்த முறையும் இருக்கிறது. எதிரே நிற்பவர் கெஞ்சுகிறார், கத்துகிறார், அடிக்கிறார். செந்திலின் குரல் ஒரு இழைகூட ஏறுவதில்லை, இறங்குவதில்லை. பொய் சொல்பவனுக்குப் பதற்றம் இருக்கும். இந்த முகத்தில் பதற்றம் இல்லை. உண்மை சொல்பவனுக்கு எரிச்சல் வரும். அதுவும் இல்லை. இவ்வளவு அடியிலும் அந்த 'அண்ணே' மட்டும் உதிராமல் கூடவே வருகிறது. அந்த மரியாதைதான் கவுண்டமணியை இன்னும் துடிக்க வைக்கிறது. திண்டிவனத்தில் ஒரு தேநீர்க்கடை மாஸ்டர் இதைச் சொன்னபோது நான் வியந்து போனேன்: "செந்தில் அதுல நடிக்கவே இல்லைங்க. சும்மா நிக்கறாரு. அந்த நிக்கறதுதான் கஷ்டம்." ஒரு கலையின் உயிர்நாடியை இதைவிடச் சுருக்கமாக யாரும் தொட்டுவிட முடியாது.

அதே இருவரின் இன்னொரு காட்சி இந்த வட்டாரத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஆர். சுந்தர்ராஜன் இயக்கிய 'வைதேகி காத்திருந்தாள்' 1984-ல் வந்தது. ஆல் இன் ஆல் அழகுராஜாவாகக் கவுண்டமணி கடை போட்டிருக்கிறார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலைக் காட்டி, இதிலிருந்துதான் வெளிச்சம் வரும் என்று ஒரு குருவின் பெருமிதத்தோடு விளக்குகிறார். இதிலிருந்தா, எப்படி என்று கேட்டுக்கொண்டே செந்திலின் கை போகிறது. மேண்டில் பொடிப்பொடியாகிறது. எரிந்த மேண்டிலைத் தொட்டவர்களுக்கு அந்த உதிர்வு தெரியும். சாம்பலாகவே உருக்கொண்டு நிற்கும் வெண்மையான, மென்மையான வலைக்கூடு அது. மூச்சு பட்டாலே பயம். அப்படிப்பட்ட ஒன்றின் மீது செந்திலின் விரல் காட்டும் அன்பான ஆர்வத்தைப் பாருங்கள். அழிக்கும் எண்ணம் துளியும் இல்லாத விரல், அறிந்துகொள்ள ஆசைப்படும் விரல். அதற்குப் பிறகு வாடகைக்கு விளக்குக் கேட்டு வருபவரிடம் கவுண்டமணி, "பெட்ரோமாக்ஸ் லைட்டேதான் வேணுமா?" என்று கேட்கும்போது குரலில் ஒலிக்கும் அந்த இழைந்த ஏக்கம், கடையில் இல்லாத பொருளைக் கேட்கும் வாடிக்கையாளரிடம் இந்த ஊர்க் கடைக்காரர்கள் அனைவரும் இன்றுவரை கடன் வாங்கும் ஏக்கம். சிமெண்டுக் கடையில் கேட்கலாம், மருந்துக் கடையில் கேட்கலாம். பெயர் மட்டும் மாறும், இழுப்பு மாறாது.

பெட்ரோமாக்ஸ் இந்த மண்ணில் வெறும் விளக்காக இருந்ததில்லை. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அறுவடை முடிந்த வெளியில் பெட்ரோமாக்ஸ் சீறிக்கொண்டிருக்க, விடிய விடியத் துரியோதனனும் திரௌபதியும் ஆடிய நிலம் இது. படுகளமும் தீமிதியும் இன்றும் நடக்கின்றன. அந்தக் கூத்தில் முதலில் வருபவன் கட்டியக்காரன். ராஜா திரைக்குப் பின்னால் நின்று பாட, முன்னால் நின்று அவரை ஊருக்கு அறிமுகப்படுத்துபவன் அவன். ராஜா தூய தமிழில் முழங்கினால் அவன் ஊர்ப்பேச்சில் எதிர்க்கேள்வி கேட்பான். அஸ்தினாபுரத்து அரண்மனையில் நின்றுகொண்டே திண்டிவனம் சந்தையின் கத்திரிக்காய் விலையைப் பேசுவான். முன்வரிசையில் தூங்கி வழிபவரைக் கதைக்குள் இழுத்து விடுவான். ராஜாவின் மகுடம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுதந்திரம் அவனுக்கு.

கட்டியக்காரனின் குறும்பை மறுநாள் களத்துமேட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பேருந்தில் பாதி வசனம் பேசுகிறவர்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லி, சொல்லும்போது தன் ஊரையும் தன் உறவையும் அதில் கொஞ்சம் கலந்து, சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்த காதும் நாவும் இங்கே பரம்பரைச் சொத்து. அதனால்தான் இந்தப் பக்கத்து ரசிகர்கள் ஒரு வசனத்தைச் சொல்லும்போது அச்சு அசலாகப் போலிசெய்வதோடு நிற்பதில்லை. கவுண்டமணியின் கோவைத் தமிழ் இவர்கள் வாயில் தென்னார்க்காட்டு வாசனை ஏறி வெளிவருகிறது. அதுவே தனி இனிமை.

தொலைக்காட்சிக்கென்றே பிறந்த பாத்திரங்களுக்கு வருவோம். சன் டிவியில் வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' தொடரின் பட்டாபியை மறந்தவர் உண்டா? மாமியார் மருமகள் சண்டை நடக்கும் வீட்டின் ஓரத்தில் உலவிய அந்த அப்பாவி மனிதராக எம்.எஸ். பாஸ்கர் வாழ்ந்தார். அவர் பின்னணிக் குரல் கலைஞராகப் பல ஆண்டுகள் உழைத்தவர். அந்த உழைப்பின் கனி பட்டாபியின் ஒவ்வோர் அசைவிலும் தெரியும். வார்த்தை வருமுன் தொண்டையில் ஒரு தயக்கம், வந்தபின் வாயோரத்தில் ஒரு திகைப்பு, தான் சொன்னது தவறோ என்று முகத்தில் மெல்லப் படரும் ஒரு நிழல். வீட்டில் பெரியவர்கள் சத்தம் போடும்போது ஓரமாக நின்று விழிக்கும் ஒரு மாமா நம் எல்லா வீடுகளிலும் இருந்தார். அவருக்குப் பட்டாபி என்று பெயர் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. அந்தக் கேலியில் கசப்பு இருந்ததே இல்லை. பாஸ்கர் அந்தப் பாத்திரத்துக்குள் வைத்த கனிவு அப்படி. அவருக்கு 'பார்க்கிங்' படத்துக்காக 2023-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்த செய்தி வந்தபோது, விருதின் பெயரைச் சொல்லாமல் "நம்ம பட்டாபிக்கு" என்றே பேசிக்கொண்டவர்களை நான் அறிவேன். விருதைவிட அந்த 'நம்ம' பெரிது.

விஜய் டிவியின் 'லொள்ளு சபா' இன்னொரு வகை அழகு. ராம்பாலா இயக்கிய அந்த நிகழ்ச்சி வாரம் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கொண்டாட்டமாகக் கலாய்த்தது. சந்தானம் அங்கே வளர்ந்தார். சுவாமிநாதன் அங்கே ஒளிர்ந்தார். பக்கத்து ஆரணிக்காரரான யோகி பாபு அங்கே கூட்டத்தில் ஒருவராக நின்றிருக்கிறார். ஆனால் என் கண் தேடுவது மனோகரை. வசனம் ஒரு வழியில் போகும், அவருடைய கைகள் தமக்கென்று ஒரு தாளத்தில் வேறு வழியில் போகும். சொல் நீள நீளக் கை வளைகிறது, சொல் முடிந்த பிறகும் கை முடியாமல் காற்றில் மிதக்கிறது. உடலுக்கும் பேச்சுக்கும் இடையில் அவர் விட்டு வைக்கும் அந்த இடைவெளி எந்தப் பள்ளியிலும் கற்பிக்கப்படாத நடனம். விழுப்புரத்துப் பையன்கள் வகுப்பில் எழுந்து பதில் தெரியாமல் நிற்கும்போது இந்தக் கை தானாக வந்துவிடும். ஆசிரியருக்கே சிரிப்பை அடக்க முடியாது.

சிவாஜி கணேசன் 1928-ல் பிறந்தது விழுப்புரத்தில். ஆகவே அவர் நடித்த, ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' எந்த அலைவரிசையில் வந்தாலும் இங்கே ஒரு கூடுதல் உரிமையோடு பார்ப்பார்கள். 1965-ல் வந்த அந்தப் படத்தின் தருமிப் பகுதி நாகேஷின் சாம்ராஜ்யம். ஆயிரம் பொன் அறிவிப்பைக் கேட்டுவிட்டுக் கோயில் மண்டபத்தில் தனியே புலம்பும் தருமி தூணோடு பேசுகிறார், காற்றோடு பேசுகிறார், கடவுளோடு கோபித்துக்கொள்கிறார். அந்த மெலிந்த உடல் ஒரு கேள்விக்குறியாக வளைந்து வளைந்து நிமிர்கிறது. இத்தனையும் புகழ்ந்தபின், பக்கத்தில் நிற்கும் சிவாஜியைப் பாருங்கள் என்று கை நீட்டுவார் ஒரு விழுப்புரத்துக்காரர். கேள்விகள் சரமாரியாக வரும்போது பதிலைச் சுருக்கி, முகத்தை அடக்கி, உதட்டோரத்தில் ஒரு புன்னகையை மட்டும் வைத்துக்கொண்டு நாகேஷுக்கு அரங்கத்தை முழுதாக விட்டுக்கொடுக்கிறார் சிவாஜி. படம் தொகுக்கப்படும்போது நாகேஷின் பகுதியில் ஒரு அடியும் குறைக்க வேண்டாம் என்று அவரே சொன்னதாகத் திரையுலகில் நெடுநாளாகப் பேசப்படுவதுண்டு. அந்தப் பேச்சை நம்புவதற்கு வேறு சான்று தேட வேண்டாம், திரையில் அவர் நிற்கும் நிற்பே போதும். அரசவையில் பாட்டில் பிழை இருப்பதாகச் சொன்னதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள் என்று தருமி இறங்கி வரும் இடத்தில் சிரிக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு அடியில் ஒரு ஏழைப் புலவனின் பசி இருக்கிறது. நாகேஷ் அதை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. கண்ணில் மட்டும் வைத்திருக்கிறார்.

வடிவேலுவின் காலம் வந்தபோது பசி போய் வீராப்பு வந்தது. 2006-ல் வந்த 'தலைநகரம்' படத்தின் நாய் சேகர், தன்னையும் கைது செய்யச் சொல்லிக் காவலர்களிடம் மன்றாடி, வண்டியில் இடம் பிடித்து, தெருவைப் பார்த்து "நானும் ஜெயிலுக்குப் போறேன், நானும் ரவுடிதான்" என்று அறிவிக்கும் காட்சியில் அவர் முகத்தைக் கவனியுங்கள். பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கிய குழந்தையின் முகம் அது. அவமானத்தை விழாவாக்கிக்கொள்ளும் அந்த மலர்ச்சி, நெஞ்சு நிமிரும் அந்தக் கால் அங்குலம், கூட்டத்தில் எல்லோரும் பார்த்தார்களா என்று ஓடும் கண். ஒவ்வொன்றும் செதுக்கியது. திண்டிவனத்தில் புதிதாகப் பட்டா மாற்றிக்கொண்டவரும், முதன்முதலாக வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு மனு போட்டவரும் இந்த வசனத்தைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள். தன் சின்ன வெற்றியைப் பெருமையடிக்காமல் சொல்ல இதைவிட அழகான வழி தமிழில் இன்னும் உண்டாகவில்லை.

சேரனின் 'வெற்றிக் கொடி கட்டு' 2000-ல் வந்தது. துபாயிலிருந்து வந்ததாகப் பெருமையடிக்கும் வடிவேலுவைப் பார்த்திபன் விலாசம் கேட்டு மடக்குகிறார். குறுக்குச் சந்து, மெயின் ரோடு என்று ஒவ்வொன்றின் முன்னாலும் துபாயை ஒட்டி ஒட்டி வடிவேலு விலாசம் கட்டுகிறார். வளைகுடாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் உள்ள தெருக்களில் இந்தக் காட்சிக்கு வேறொரு ஈரம் உண்டு. விடுமுறையில் வந்திருக்கும் மகனிடம் அம்மாவே கேட்பார்: "துபாய்ல எங்கடா, மெயின் ரோடா, குறுக்குச் சந்தா?" மகன் சிரிப்பான். கேட்க நினைத்ததை அம்மா கேட்டுவிட்டார், சொல்ல முடியாததை அவன் சொல்லாமல் விட்டுவிட்டான்.

நல்ல ரசிகரை அடையாளம் காண ஒரு வழி இருக்கிறது. அவர் நாயகனை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்பவரின் பெயரைச் சொல்வார். போண்டா மணி என்பார், முத்துக்காளை என்பார், அல்வா வாசு என்பார், வெங்கல் ராவ் என்பார். 'கண்ணும் கண்ணும்' படத்தில் போண்டா மணிக்குக் கிடைத்தது சில விநாடிகள்தான். போலீஸ் வரும், அடித்துக்கூடக் கேட்பார்கள், அப்போதும் சொல்லிவிடாதீர்கள் என்று வந்த வேகத்தில் வடிவேலுவிடம் கெஞ்சிவிட்டு மறைகிறார். எதைச் சொல்லக்கூடாது என்பதை மட்டும் சொல்லவே இல்லை! பிறகு வடிவேலு அடி வாங்குகிறார், சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல். இந்தக் காட்சியின் கட்டடம் முழுவதும் போண்டா மணியின் மூச்சுத் திணறும் உண்மைத்தன்மையில் நிற்கிறது. அவர் குரலில் ஒரு துளி விளையாட்டு தெரிந்திருந்தாலும் எல்லாம் சரிந்திருக்கும். உயிர் போகும் அவசரத்தோடு, கண்ணில் நம்பிக்கையோடு, ஒரு ரகசியத்தை ஒப்படைக்கும் பாவனையோடு சொல்கிறார். ரகசியம் மட்டும் இல்லை. இலங்கையில் பிறந்து, அகதியாகத் தமிழகம் வந்து, நூற்றுக்கணக்கான படங்களில் இப்படிச் சில விநாடிகள் சில விநாடிகளாகவே வாழ்ந்த அந்தக் கலைஞர் 2023 டிசம்பரில் மறைந்தார். ஒரு கலைஞனின் புகழுக்குச் சில விநாடிகள் போதுமானவை என்பதற்கு அவர் சாட்சி.

2019 மே மாதக் கடைசியில் உலகமே ஒரு சுத்தியலைப் பற்றிப் பேசியது நினைவிருக்கிறதா? உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று எங்கோ ஒருவர் சுத்தியல் படத்தைப் போட்டுக் கேட்க, இது விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணியின் தலை உடைந்தது என்று ஒரு தமிழர் மெய்ச்செய்தியின் தொனியில் பதில் சொன்னார். வடிவேலு நேசமணியாக நடித்த, சித்திக் இயக்கிய 'ஃப்ரெண்ட்ஸ்' 2001-ல் வந்த படம். பதினெட்டு ஆண்டு கழித்து அதன் காண்ட்ராக்டருக்காக ஊர் ஊராகப் பிரார்த்தனை நடந்தது, வெளிநாட்டார் யார் இந்த நேசமணி என்று விசாரித்தார்கள். அந்த நாள்களில் விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் அறிமுகமே இல்லாத இருவர், "நேசமணி அண்ணன் எப்படி இருக்காரு?" "கண்ணு முழிச்சிட்டாருங்க" என்று மிகுந்த கவலையோடு விசாரித்துக்கொண்டார்கள். யாரும் முதலில் சிரித்துவிடக்கூடாது என்பதே விளையாட்டின் விதி. அந்தக் கவலை தோய்ந்த முகங்கள் இரண்டும் நடிகர் முகங்களாக அந்த நொடியில் ஒளிர்ந்தன. அந்த விளையாட்டில் ஊரே கட்டியக்காரனாகிவிட்டது.

பெண்கள் பேச்சில் கோவை சரளா வருவார். 'சதி லீலாவதி' படத்தின் கொங்குத் தமிழை, அந்த நீண்ட இழுப்பை, அதில் பொதிந்த செல்லக் கண்டிப்பை, பூக்கட்டும் திண்ணையிலும் நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும் கேட்கலாம். கணவரைப் பற்றிய குறையை நேரே சொன்னால் கனத்துவிடும். சரளாவின் குரலில் சொன்னால் குறையும் தீர்கிறது, கூட்டமும் சிரிக்கிறது. மாமியாரும் சேர்ந்து சிரிக்கிறார்.

இத்தனை பேர் இத்தனை ஆசையோடு சொல்லும் இந்த வசனங்களில் ஒரு குறை மட்டும் என் மனத்தில் இருக்கிறது. நடித்தவர் பெயர் ஊருக்குத் தெரிகிறது. இயக்கியவர் பெயர்கூடச் சிலருக்குத் தெரிகிறது. எழுதியவர் பெயர் பெரும்பாலும் தெரிவதில்லை. கவுண்டமணி, செந்தில் இணைக்கு மிகச் சிறந்த பகுதிகள் பலவற்றை எழுதிக் கொடுத்தவர் ஏ. வீரப்பன். நகைச்சுவை நடிகராகவும் இருந்தவர். வாழைப்பழக் காட்சி அவர் எழுத்து. ஒரு ரூபாயையும் இரண்டு பழத்தையும் வைத்துக்கொண்டு, படியேறும் கேள்விகளைக் கட்டி, உச்சியில் மூன்றே சொற்களை வைத்த அந்தக் கையின் நுட்பம் எந்தப் பெரும் நாடக ஆசிரியருக்கும் குறைந்ததில்லை. 'காதலிக்க நேரமில்லை' படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியை ரசிப்பவர்கள் சித்ராலயா கோபுவை நினைக்க வேண்டும். 'மைக்கேல் மதன காம ராஜன்' வசனங்களைச் சொல்பவர்கள் கிரேஸி மோகனை நினைக்கிறார்கள். அவருக்கு அந்த நல்லூழ் வாய்த்தது. வீரப்பனுக்கு இன்னும் முழுதாக வாய்க்கவில்லை.

அடுத்த முறை எந்தப் பேருந்திலாவது, எந்தத் தேநீர்க்கடையிலாவது "இன்னொண்ணு எங்க?" என்று யாராவது கேட்டு, உங்கள் வாயிலிருந்து அந்தப் பதில் தன்னால் வந்து, எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின், பக்கத்தில் இருப்பவரிடம் "இதை எழுதினவர் ஏ. வீரப்பன்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.